இரட்டைச் சுவர்த் தேனீப் பெட்டி

நாட்டுத் தேனீக்கள் பெட்டியைத் துறந்து ஓடுவதற்குக் கோடை வெப்பமும் ஒரு காரணமாகும். புழுக்கள் வளரும் அடையை அவை ஏறக்குறைய 35 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் காக்கின்றன. பெட்டி வெயிலிற் காய்ந்தால், தேன் தேடவேண்டிய ஈக்கள் நீர் சுமந்தும் சிறகு வீசியும் களைத்துப்போகும்.

ரம்பம், இழைப்புளி, உளி, சுத்தியல் இருப்பின் பரிகாரம் எளிது. உலர்ந்த பலகையால் உட்பெட்டி செய்க. அடைச் சட்டங்களுக்கும் அதன் சுவருக்கும் இடையே கால் அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட வழி இருத்தல் வேண்டும். அது மிகுந்தால் ஈக்கள் அங்கும் அடை கட்டிவிடும். சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு வெளிப்பெட்டி அமைத்து, இரண்டையும் ஒரே அடிப்பலகையில் அறைக. நுழைவாயிலுக்கு இரு சுவர்களையும் துளைத்து, உட்புறம் மெல்லிய பலகை பதித்தபின், இடைவெளியில் உலர்ந்த மரத்தூள் நிரப்பி மேல்விளிம்பை மூடுக.

நனைந்த தூள் வெப்பத்தைத் தடுக்காது. ஆதலின் கூரை வெளிச்சுவரைக் கடந்து நீண்டிருக்கட்டும். இத்தகைய பெட்டிக்கும் மரநிழல் அவசியமே.