ஆலங்கட்டி அடித்த காருக்கு: அவசரப்படாமல் செய்ய வேண்டியவை

2020 ஜனவரி 20, திங்கட்கிழமை. கான்பராவில் கோடையின் உச்சம். மாதத் தொடக்கத்தில் காட்டுத்தீப் புகை ஊரையே மூடியிருந்ததால், ஒரு மழை பெய்யாதா என்று எல்லோரும் ஏங்கிக்கொண்டிருந்தோம். நண்பகல் வாக்கில் அது கோல்ஃப் பந்து அளவு ஆலங்கட்டியாக வந்தது. அடித்தது சில நிமிடங்கள்தான். அதற்குள் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் பாராளுமன்றத்தைச் சுற்றிலும் வெளியே நின்ற கார்கள் வரிசை வரிசையாகக் கண்ணாடி இழந்து நின்றன. சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிலையத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில்கள் பொடிப்பொடியாயின. அதற்கு முந்தின நாள் மெல்போர்னிலும் இதே கதை. அந்த ஜனவரி ஆலங்கட்டிக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்த தொகை 150 கோடி டாலருக்கும் மேல்.

எங்கள் காரும் தெருவில்தான் நின்றது. கூரையில் மட்டும் 63 பள்ளம் எண்ணினேன். அடுத்த பல வாரங்களுக்குத் தமிழ்ப் பள்ளி வாசலில் பெற்றோர்களுக்கு இதைத் தவிர வேறு பேச்சில்லை. கேட்கக் கேட்க ஒன்று தெரிந்தது. கல்லடியில் போனதைவிட, அடுத்த இரண்டு மூன்று நாள் பதற்றத்தில் செய்த காரியங்களால் போனது அதிகம். அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

1. கல் விழும்போது காரை மறந்துவிடுங்கள். போர்வையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது நம் எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம். ஐந்து சென்டிமீட்டர் கல் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வந்து விழும். தகரத்தைக் குழியாக்குவது மண்டையை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை ஜன்னலோரத்திலிருந்து உள்ளறைக்குக் கூட்டிப் போங்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான்.

2. ஓட்டிக்கொண்டிருக்கும்போது பிடித்துக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, விளக்கைப் போட்டு, சாலையைவிட்டு நன்றாக விலகி நிறுத்துங்கள். பாலத்தடியில் நடுச்சாலையிலேயே நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் வருகிறவருக்குக் கண் தெரியாத மழையில் அது கல்லைவிடப் பெரிய ஆபத்து. கல் சாய்வாக வந்தால், முடிந்தவரை காரின் முகம் அதற்கு எதிரே இருக்கட்டும். முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிந்தாலும் மேலே கொட்டாது. பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் அப்படியல்ல. ஒரே அடியில் கற்கண்டுபோல உதிர்ந்துவிடும். பின்சீட்டில் குழந்தை இருந்தால் தலையையும் முகத்தையும் ஒரு துண்டாலோ ஜாக்கெட்டாலோ மூடுங்கள். வெளியே இறங்க வேண்டாம்.

3. மழை விட்டதும் பெரிய கல்லாக இரண்டு பொறுக்கி, பக்கத்தில் ஒரு ஐம்பது சென்ட் நாணயமோ அடிக்குச்சியோ வைத்துப் படம் எடுங்கள். பிறகு பையில் போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தரையில் ஈரம்கூட மிஞ்சாது. அன்று உங்கள் தெருவில் எந்த அளவுக் கல் விழுந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி இதுதான்.

4. அடுத்தது காரின் படங்கள். நேர் மேலிருந்தும் உச்சி வெயிலிலும் எடுத்தால் பள்ளம் தெரியவே தெரியாது. வெள்ளைக் காராக இருந்தால் இன்னும் மோசம். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில், பானெட்டின் மட்டத்துக்குக் குனிந்து, மேற்பரப்பை ஒட்டினாற்போல் பாருங்கள். ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். நான் அம்மாவை ஒரு கோடு போட்ட புடவையைக் கதவுக்கு எதிரே விரித்துப் பிடிக்கச் சொன்னேன். அதன் பிம்பத்தில் கோடு எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் அடி. பழுது பார்ப்பவர்கள் கோடு போட்ட விளக்குப் பலகை வைத்துப் பார்ப்பதும் இந்த முறையில்தான். கூரை, பானெட், பூட், கதவுகளின் மேல் விளிம்பு, கூரைக்கும் கதவுக்கும் நடுவே ஓடும் ஒல்லியான சட்டம், பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டுக் கண்ணாடியின் கூடு, பின்விளக்கு என ஒவ்வொன்றுக்கும் தனிப்படம். நம்பர் தகடு தெரிகிற மாதிரி ஒன்று. இதெல்லாம் கண்ணாடித் துண்டைக் கூட்டுவதற்கு முன்பே.

5. உடைந்த கண்ணாடியை அன்றே மூடிவிடுங்கள். தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போதும். ஒட்டும் டேப்பைப் பெயின்ட் மேல் ஒட்டி வெயிலில் விட்டால், உரிக்கும்போது பிசினும் பெயின்ட்டும் சேர்ந்து வரும். ஜன்னல் சட்டத்தின் உள்பக்கமாக ஒட்டுங்கள், அல்லது விரிப்பின் ஓரத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்துங்கள். மிச்சக் கண்ணாடியோடு இருக்கும் ஜன்னலைப் பொத்தான் அழுத்தி இறக்காதீர்கள். துண்டுகள் கதவுக்குள் விழுந்து மோட்டாரையும் கெடுக்கும். சீட் நனைந்திருந்தால் தரைவிரிப்பைத் தூக்கி அடியில் கைவைத்துப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் பஞ்சு ஊறியிருக்கும். ஒரு வாரத்தில் பூஞ்சை வாடை வந்துவிடும்.

6. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: குழந்தையின் கார் சீட். கண்ணாடிப் பொடி அதன் பட்டை மடிப்பிலும் பூட்டுக்குள்ளும் போய் ஒளிந்துகொள்ளும். வேக்குவம் போட்டால் போதும் என்று நினைத்து மகனை உட்கார வைத்தேன். சாயங்காலம் அவன் தொடையில் சிறு கீறல்கள். பட்டையை மாற்ற முடியாவிட்டால் சீட்டையே மாற்றிவிடுங்கள். உங்கள் பாலிசியில் அதற்கும் பணம் உண்டா என்று கேளுங்கள், பலவற்றில் உண்டு.

7. பள்ளத்தில் கை வைக்காதீர்கள். தலைமுடி உலர்த்தியால் சூடாக்கி ஐஸ் வை, உலர்பனிக்கட்டி வை, உறிஞ்சும் ரப்பரை ஒட்டி இழு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். உலர்பனிக்கட்டியின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி. விரலையும் சுடும், பெயின்ட்டிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். கல் விழுந்த இடத்தில் தகடு உள்வாங்குவதோடு சுற்றிலும் இழுபட்டு ஒரு மெல்லிய வரம்பும் கட்டும். நடுவே மட்டும் வெடுக்கென்று இழுத்தால் வரம்பு அப்படியே நிற்கும், நடுவில் ஒரு முளை எழும். பள்ளத்தை எடுப்பது எளிது, முளையைச் சமன் செய்வது கடினம்.

இதற்கென்றே பெயின்ட்டைத் தொடாமல் பள்ளம் எடுக்கும் தொழில் இருக்கிறது. கூரையின் உள்துணியைக் கழற்றி, விதவிதமான நுனியுள்ள நீளக் கம்பிகளை உள்ளே விட்டு, விளக்குப் பலகையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே அடியிலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நெம்புவார்கள். எங்கள் காரை அப்படித்தான் சரிசெய்தார்கள். ஒரே பள்ளத்தில் அந்த மனிதர் நூறு முறையாவது நெம்பியிருப்பார். பட்டி இல்லை, புதுப் பெயின்ட் இல்லை. கம்பெனிப் பெயின்ட் அப்படியே இருப்பதால் காரின் விலையும் அதிகம் விழாது. நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் தட்டிப் பட்டி வைத்துத் தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் கைத்திறனைப் பக்கத்தில் நின்று பார்த்தது மறக்கவில்லை.

8. எல்லாப் பள்ளமும் இந்த முறைக்கு வசப்படாது. பெயின்ட் விண்டிருந்தால், விளிம்பில் மடிந்திருந்தால், கம்பி நுழையாத இடமாக இருந்தால் பழைய முறையோ புதுத் தகடோதான். அலுமினிய பானெட் இரும்பைவிட முரண்டு பிடிக்கும், செலவும் கூடும். உங்கள் பானெட் எதனால் ஆனது என்பதை ஒரு சின்னக் காந்தம் சொல்லிவிடும். பெயின்ட் விண்ட இடத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். துரு காத்திருக்காது.

9. வைப்பர், முன் விளக்கு, பின் விளக்கு மூன்றையும் பாருங்கள். விளக்கு மூடியில் முடி அளவு விரிசல் இருந்தாலும் பத்து நாளில் உள்ளே நீர் கோத்துவிடும். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் ஐஸோடு சேர்ந்து உதிர்ந்த இலையும் அடைத்துக்கொண்டிருக்கும். கையாலேயே வழித்தெடுங்கள், அங்கே தேங்கும் நீர் காருக்குள் இறங்கும்.

10. காப்பீடு. ஆஸ்திரேலியாவில் மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் வைத்திருந்தால் ஆலங்கட்டிக்குப் பணம் வராது, காம்ப்ரிஹென்சிவ் வேண்டும். கூப்பிடும்போது இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: என் எக்சஸ், அதாவது நான் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, எவ்வளவு? கண்ணாடிக்குத் தனி எக்சஸா? பட்டறையை நான் தேர்ந்தெடுக்கலாமா? வாடகைக் கார் உண்டா, எத்தனை நாள்? பாலிசி சந்தை மதிப்பா, பேசி வைத்த மதிப்பா? கடைசிக் கேள்விக்கான பதில் பழைய கார்களுக்குப் பல ஆயிரம் டாலர் வித்தியாசம். அடி சின்னது, எக்சஸ் பெரியது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்; ஆனால் தகவலை உடனே பதிவு செய்துவிடுங்கள். 2020இல் கான்பராவில் பழுதுக்கான வரிசை மாதக்கணக்கில் நீண்டது. பிந்தியவர்கள் அடுத்த குளிர்காலத்தையும் பள்ளத்தோடே கடந்தார்கள்.

11. கதவைத் தட்டி வருபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். புயல் போன மறுநாள் ஒருவர் எங்கள் தெருவில் வீடு வீடாக வந்தார். இன்றைக்கே செய்கிறேன், ரொக்கம் என்றார். கூரையில் பட்டி பூசி ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போனார், என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் காருக்கு. ஆறு மாதத்தில் அது தோலுரிந்தது. அதைவிட மோசம், பட்டி பட்ட இடத்தில் அந்தக் கம்பி வேலையும் இனிச் செய்ய முடியாது என்றார்கள். தனியாக வாழும் வயதானவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், அன்றே போன் செய்து எச்சரியுங்கள். அவர்களுக்காகக் காப்பீட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

12. முன்கண்ணாடியை மாற்றினால், அதன் மேல் நடுவில் கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். தானாக பிரேக் போடுவதற்கும் பாதைக் கோட்டைக் கவனிப்பதற்கும் அந்தக் கேமராதான் கண். பல கார்களில் கண்ணாடி மாறினால் அதை மறுபடி அளவு சரிபார்த்தாக வேண்டும். செய்ததாக எழுத்தில் வாங்குங்கள்.

13. எச்சரிக்கை. வானிலைத் துறை 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் கல் வரக்கூடிய இடிமழையைக் கடுமையானது என்கிறது. 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் ராட்சத ஆலங்கட்டி. 2021 அக்டோபரில் குயின்ஸ்லாந்தின் யால்பரூவில் விழுந்தது 16 சென்டிமீட்டர், இந்த நாட்டின் சாதனை. கிழக்குக் கரையில் வசந்தம் தொடங்கிக் கோடை முடியும்வரை மதியத்துக்கு மேல் கவனமாக இருங்கள். மேகம் கறுக்கும் முன்பே காரை கராஜுக்குள் விடுங்கள். அங்கே அடுக்கிய அட்டைப் பெட்டிகளை இந்த வாரமே காலி செய்யுங்கள். கராஜ் இல்லாதவர்கள் கடைத்தொகுதியின் அடித்தள நிறுத்துமிடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். பஞ்சு வைத்த ஆலங்கட்டி உறையும் கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால் பழைய ஜமக்காளத்தை முன்கண்ணாடிமேல் விரித்து, ஓரங்களைக் கதவுக்குள் வைத்துச் சாத்துங்கள். வீட்டுக் கூரை உடைந்தால் அவசர சேவையின் எண் 132 500.

14. ஊரில் பெற்றோர் கார் வைத்திருக்கிறார்களா? ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கோடை மழையில் ஆலங்கட்டி விழுவது உண்டு. இந்தியப் பாலிசியில் சொந்த வாகனச் சேதப் பகுதி இருந்தால் ஆலங்கட்டியும் அதில் அடங்கும்; கட்டாய மூன்றாம் தரப்பு மட்டும் என்றால் இல்லை. கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் போகும். அது ஐந்தாண்டில் 50 சதவீதம்வரை சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், சின்னப் பள்ளத்துக்கு ஓடுவதற்கு முன் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

15. ரைட்-ஆஃப் என்று சொன்னால் மனம் உடைய வேண்டாம். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாத, ஓடுகிற கார்கூட, பழுதுச் செலவு மதிப்பைத் தொட்டுவிட்டால் கணக்கில் முடிந்துபோகும். பணத்தை வாங்கிக்கொண்டு காரையே திரும்ப வாங்க முடியுமா என்று கேட்கலாம். ஆனால் மறுபதிவு விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ சவுத் வேல்ஸில் ரைட்-ஆஃப் கார்களைப் பொதுவாக மறுபடி பதிவு செய்ய விடமாட்டார்கள். விலக்குக் கேட்கக்கூடிய சில காரணங்களில் ஆலங்கட்டிச் சேதமும் ஒன்று. கையெழுத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். அதேபோல, பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் 2 டாலர் கட்டிப் பாருங்கள். ரைட்-ஆஃப் வரலாறும் கடன் பாக்கியும் அதில் தெரிந்துவிடும்.

தமிழ்ப் பள்ளியில் என் மகளுக்கு வகுப்பெடுக்கும் அக்கா தன் பழைய காரை அப்படித்தான் திரும்ப வாங்கினார். கண்ணாடியையும் விளக்கையும் மட்டும் மாற்றி, பதிவைப் புதுப்பித்து, கூரையின் பள்ளங்களை அப்படியே விட்டுவிட்டார். மிச்சப் பணத்தில் கார் நிற்கும் இடத்துக்கு ஒரு கொட்டகை போட்டார். கார் வெளியே நிற்கிற நாளில், மழை விட்டபின் அந்தப் பள்ளங்களில் நீர் நிற்கும். பிள்ளைகள் அதில் விரல் தொட்டு எண்ணிப் பழகுகிறார்கள்.