இனிஷியலை விட்டுடாதே தம்பி!

"அக்கா, ஓப்பனே வேலை செய்யல, பைத்தான் கெட்டுப்போச்சு"ன்னு நேத்து ராத்திரி போன்ல புலம்பினியே, பைத்தானுக்கு ஒண்ணும் ஆகலடா. உன் ஃபைலோட முதல் வரியைப் பாரு. நானும் அதே பள்ளத்துல விழுந்து எழுந்தவதான்.

1. ஸ்டார் போட்டு அள்ளாதே: 'ஃப்ரம் ஓஎஸ் இம்போர்ட் ஸ்டார்'னு போட்டா, ஓஎஸ் மாட்யூலோட ஓப்பனும் உள்ளே வந்து, பைத்தானோட வழக்கமான ஓப்பனை மறைச்சிடும். ஃபைல் பேரை மட்டும் கொடுத்துத் திறந்தா, 'ஃப்ளாக்ஸ்' ஆர்க்யுமென்ட் எங்கேன்னு கேட்கும். நீ ஃப்ளாக்ஸைக் கேள்விப்பட்டதே இல்லைல்ல? அதுதான் துப்பு. நீ கூப்பிட்டது ஒருத்தரை, வந்து நிக்கிறது அதே பேர்ல வேறொருத்தர்.

2. இனிஷியலோட கூப்பிடு: கிளாஸ்ல மூணு கார்த்திக் இருந்தா ஆர். கார்த்திக், எஸ். கார்த்திக்னுதானே கூப்பிடுவோம்? நேம்ஸ்பேஸும் அதேதான். 'இம்போர்ட் ஓஎஸ்'னு மட்டும் எழுது. ஓஎஸ்ஸோட ஓப்பன் வேணும்னா 'ஓஎஸ் டாட் ஓப்பன்'னு கூப்பிடு; வெறும் 'ஓப்பன்'னா பைத்தானோட வழக்கமானதே வரும். பேர் நீளமா இருந்தா 'ஆஸ்' போட்டுச் சுருக்கு. நம்பைக்கு 'என்பி', பாண்டாஸுக்கு 'பிடி'ன்னு ஊரே வச்சிருக்கு. நீ புதுசா கண்டுபிடிக்காதே.

3. எரரைக் கீழேயிருந்து படி: ட்ரேஸ்பேக்கோட கடைசி வரிதான் என்ன தப்புன்னு சொல்லும். அதுக்கு மேல ஃபைலும் வரி நம்பரும் இருக்கும். ஆனா அது தடுக்கி விழுந்த இடம். கல்லு இம்போர்ட் வரியிலயும் கிடக்கலாம்.

4. ஃபைல் பேர்ல கவனம்: ஒருதடவை என் ஃபைலுக்கு 'ராண்டம் டாட் பிஒய்'னு பேர் வச்சேன். உள்ளே இம்போர்ட் ராண்டம்னா, அது என் ஃபைலையே எடுத்துக்கிச்சு. எரரோ 'சர்க்குலர் இம்போர்ட்டா இருக்கலாம்'னு சொல்ல, ஒரு சாயங்காலமே போச்சு. 2024-ல வந்த பைத்தான் 3.13, ஃபைல் பேரை மாத்திப் பாருன்னு நேராவே சொல்லிடுது.

5. பழைய வெர்ஷனைப் பிடிச்சுத் தொங்காதே: 3.10-லேர்ந்து, எழுத்துப் பிழைன்னா சரியான பேரை எடுத்துக் கொடுக்கும். 3.12-லேர்ந்து, கூடவே வர்ற மாட்யூல்னா, இம்போர்ட் பண்ண மறந்துட்டியான்னும் கேட்கும்.

இப்போ போய் அந்த ஸ்டார் வரியை 'இம்போர்ட் ஓஎஸ்'னு மாத்து. ஒண்ணு மாத்தி ஒண்ணா நேம் எரர் வரும். பதறாதே, எங்கெல்லாம் இனிஷியலை விட்டேன்னு அதுவே உனக்குக் காட்டிக் கொடுக்குது.