இடம்புரியும் வலம்புரியும்

நுழையும்முன்

கடைக்காரரே பூட்டிக் கொடுத்த மிதிவண்டி இன்று அட்டைப்பெட்டியில் அடங்கி வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. அதனைப் பூட்டும் பொறுப்பு வாங்கியவரின் கைக்கு மாறியிருக்கிறது. ஒரு மரையின் திசையை அறியாமல் திருகினால் என்ன நேரும் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சாலைப் பந்தய வகை மிதிவண்டி பெட்டியில் வரும்போது சட்டகமும் பின்சக்கரமும் சங்கிலியும் பெரும்பாலும் முன்பே பொருத்தப்பட்டிருக்கும். முன்சக்கரம், ஆட்டுக்கொம்புபோல் வளைந்த கைப்பிடி, இருக்கைத்தண்டு, இரண்டு பெடல்கள் ஆகியனவே தனித்திருக்கும். பூட்ட வேண்டியவை இவ்வளவுதாம். ஆயினும் புதியவர் எளிதில் கெடுத்துவிடக்கூடிய உறுப்பு, இவற்றுள் மிக எளியதாகத் தோன்றும் பெடலே.

நாம் அன்றாடம் காணும் திருகாணிகள் வலம்புரியாக அமைந்தவை. வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். வண்டியின் வலப்பக்கப் பெடலும் அத்தகையதே. இடப்பக்கப் பெடலின் மரையோ இடம்புரி. அது இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். இதனை அறியாதவர் வலப்பக்கப் பெடலை இடப்பக்கக் கிராங்கில் வைத்துப் பழக்கத்தின்படி வலஞ்சுழியாகத் திருப்புகிறார். பெடல் ஏற மறுக்கிறது. உடனே நீண்ட ஸ்பேனரை எடுத்து வலிந்து திருகுகிறார். பெடலின் அச்சு எஃகு. அதனைத் தாங்கும் கிராங்கோ பெரும்பாலும் அலுமினியக் கலவை. வன்மையான எஃகு, மென்மையான மரையை அறுத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. பூட்டியாயிற்று என்று அவர் மகிழ்கிறார். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது, உடலின் எடை முழுவதும் அறுந்த மரையின்மீது இறங்குகிறது. பெடல் கழன்றால் விழுவது சாலையின் நடுவில்.

இடம்புரி எதற்கு?

வானூர்தி கண்ட ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டி செய்து விற்றவர்கள். கழன்று விழாத பெடல் என்று 1900ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தது, இடப்பக்கத்திற்கு இடம்புரி மரை அமைந்த பெடலைத்தான். பழைய வண்டிகளில் இரு பெடல்களும் வலம்புரியாகவே இருந்தமையால், மிதிக்க மிதிக்க ஒன்று இறுகியது. மற்றொன்று தளர்ந்து விழுந்தது.

இதன் காரணம் வியப்பூட்டுவது. பெடலின் உட்குண்டுகள் உராய்வதால் அச்சு கழலும் திசையில் சிறிது இழுக்கப்படுகிறது. அவ்வாறாயின் இன்றைய அமைப்பில் இரு பெடல்களுமே கழன்றுவிட வேண்டுமே! கழலாமைக்குக் காரணம், அதனினும் வலிய மற்றொரு விளைவு. ஒரு பென்சிலை மடக்கிய விரல்களுக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் வெளிமுனையை மற்றொரு கையால் வட்டமாகச் சுற்றிப் பார்க்கலாம். முனை சுற்றும் திசைக்கு எதிராகப் பென்சில் தன்னைத்தானே உருட்டிக்கொள்ளும். கிராங்கின் துளைக்குள் பெடலின் அச்சும் இவ்வாறே நடந்துகொள்கிறது. மிதிக்கும் கால் எப்போதும் கீழ்நோக்கியே அழுத்த, கிராங்க் சுழல்வதால், அவ்வழுத்தம் துளையைச் சுற்றி வருகிறது. அச்சு எதிர்த்திசையில் உருண்டு இறுகுகிறது. தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டியிலும் இதே அமைப்புதான்.

பெடல்களில் இடத்தைக் குறிக்கும் எல், வலத்தைக் குறிக்கும் ஆர் என்னும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். மரையில் சிறிது கிரீஸ் தடவி, முதல் இரண்டு மூன்று சுற்றுகளை விரலாலேயே திருக வேண்டும். விரலுக்கு இணங்காத மரை, தவறான பக்கத்தில் இருக்கிறது அல்லது கோணலாக நுழைந்திருக்கிறது. ஸ்பேனரின் மேல்முனை முன்சக்கரத்தை நோக்கிச் செல்லுமாறு திருப்பினால் இரு பக்கப் பெடல்களும் இறுகும்.

ஏனைய உறுப்புகள்

முன்கவையைப் பின்முகமாகத் திருப்பிவைத்து ஓட்டுவோரும் உளர். கவையின் வளைவு முன்னோக்கியிருத்தல் வேண்டும். கைப்பிடியைப் பற்றும் ஸ்டெம்மில் நான்கு மரையாணிகள் இருப்பின், ஒன்றை முழுதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லாமல், எதிரெதிரானவற்றைச் சிறிது சிறிதாக முறுக்குதல் வேண்டும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்னும் அளவு அவ்வுறுப்பிலேயே அச்சிடப்பட்டிருப்பது வழக்கம். பெரும்பாலும் 5 அல்லது 6. கார்பன் இழையால் ஆன கைப்பிடி, மிகையாக முறுக்கினால் ஓசையின்றி விரிசல் கொள்ளும். இருக்கைத்தண்டில் பொறித்த குறைந்தபட்சக் கோடு சட்டகத்திற்கு வெளியே தெரியலாகாது.

முன்சக்கரத்தின் விரைவுப்பூட்டு நெம்புகோலை மரைபோலச் சுற்றி இறுக்குவது பிழை. அதனை மடக்கியே மூட வேண்டும். மூடும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதியுமளவு எதிர்ப்பு இருத்தல் வேண்டும். பிறகு முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால், கழுத்துப் பகுதி தளர்ந்துள்ளதா என்பது கைக்குத் தெரிந்துவிடும். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும், ஸ்பேனரை மீண்டும் ஒருமுறை இரு பெடல்களிலும் வைத்துப் பார்த்தல் நன்று.