அலைச்சறுக்குப் பலகையில் பிடிப்புத் திண்டு ஒட்டுதல்: பரப்பைப் பக்குவப்படுத்தும் முறை

கடலலையின் சரிவில் பலகைமேல் நின்று சறுக்கிச் செல்லும் விளையாட்டு இந்தியாவின் இரு கடற்கரைகளிலும் வேரூன்றி வருகிறது. கர்நாடகத்தின் முல்க்கி, கேரளத்தின் வர்க்கலா, சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் முதலிய இடங்களில் இதற்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. 2021-ஆம் ஆண்டில் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம் பெற்றது. பயிற்சி நிலையங்களில் பலகைகளைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் களப்பணியாளரையும் உடற்பயிற்சி ஆசிரியரையும் சார்ந்ததாகும்.

பலகையின் வால்பகுதியில், சறுக்குபவர் பின்காலை ஊன்றும் இடத்தில், வரிப்பள்ளங்கள் கொண்ட நுரைத்திண்டு ஒன்று ஒட்டப்படுகிறது. எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் நுரைப்பொருளாலான இதன் அடிப்பரப்பில் பசை பூசப்பட்டு, அதன்மேல் காப்புத்தாள் இடப்பட்டிருக்கும். பலகையைத் திருப்புவதற்கான விசையின் பெரும்பகுதி இத்திண்டின் வழியாகவே செல்கிறது. அலையின்மேல் திரும்பும் தருணத்தில் திண்டின் ஓரம் பெயர்ந்தால் கால் வழுக்கும். விழுந்தவர்மேல் பலகையே மோதக்கூடும். ஆதலின் திண்டு உறுதியாக ஒட்டியிருத்தல் பாதுகாப்பைச் சார்ந்த செய்தியாகும்.

திண்டு கழன்றவுடன் பசையைக் குறை கூறுதல் வழக்கம். ஆனால் பெரும்பாலான நேர்வுகளில் குறை பசையிடம் இல்லை. பசை எப்பொழுதும் மேலே எது உள்ளதோ அதனையே பற்றுகிறது. பலகைக்கும் பசைக்கும் இடையே மெழுகுப் படலம் இருப்பின் பசை மெழுகைப் பற்றும். மெழுகு பலகையை விட்டு நீங்கும்போது திண்டும் உடன் நீங்கும்.

பசை பற்றும் விதம்

திண்டில் உள்ளது அழுத்தப் பசை என்னும் வகையைச் சேர்ந்தது. இது தச்சர் பயன்படுத்தும் பசையைப் போல உலர்ந்து இறுகுவதில்லை. மிகக் கெட்டியான நீர்மம் போல மெல்ல மெல்லப் பரவி, பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்புகிறது. பசையின் மூலக்கூறுகளுக்கும் பலகையின் மூலக்கூறுகளுக்கும் இடையேயுள்ள கவர்ச்சி சில நானோமீட்டர் தொலைவிற்குள் மட்டுமே செயற்படும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எனவே கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமும் இக்கவர்ச்சியைத் தடுக்கப் போதுமானது.

ஒரு நீர்மம் ஒரு பரப்பில் பரவுவதை நனைத்தல் என்பர். பரப்பின் ஆற்றல் மிகுந்திருப்பின் நனைத்தல் எளிது, குறைந்திருப்பின் அரிது. இறுகிய எப்பாக்சிப் பிசினின் பரப்பாற்றல் மீட்டருக்கு 40 மில்லிநியூட்டனுக்கு மேற்பட்டது. பாரஃபின் மெழுகிற்கு அது ஏறத்தாழ 25 மட்டுமே. இவ்வேற்றுமையே மெழுகின்மேல் நீர் முத்துமுத்தாக நிற்பதற்கும் பசை பற்றாமைக்கும் காரணம். பயிற்சிக்கென விற்கப்படும் மென்தளப் பலகைகள் சிலவற்றின் மேல்தோல் பாலிஎத்திலீனால் ஆனது. அதன் பரப்பாற்றலும் ஏறத்தாழ 31 என்னும் தாழ்ந்த அளவினது. அத்தகைய பலகையை எவ்வளவு துடைத்தாலும் சாதாரணத் திண்டு நிலைத்து நிற்பது அரிது.

பலகையின்மேல் படிந்திருப்பவை

பயன்பட்ட பலகையில் உப்பும் மணலும் உண்டு. இவற்றோடு தோலின் எண்ணெயும் வெயிற்காப்புப் பூச்சும் கலந்திருக்கும். எல்லாவற்றினும் மிகுதியாக உள்ளது மெழுகு. கால் வழுக்காதிருத்தற்பொருட்டுப் பலகையின் மேல்தளத்தில் தேய்க்கப்படும் அதே மெழுகு, திண்டின் பசைக்குப் பகையாகிறது.

புதிய பலகை தூயது என்று கருதுதலும் தவறு. பாலியெஸ்டர்ப் பிசின் காற்றுப்படும் இடத்தில் முழுமையாக இறுகாமல் பிசுபிசுப்பாக நின்றுவிடும். இதனைத் தடுக்க, மேற்பூச்சுக்குரிய பிசினில் சிறிதளவு மெழுகைச் சேர்ப்பர். அம்மெழுகு மேலெழுந்து காற்றை மறைக்கிறது. பூச்சு இறுகிய பின் தேய்த்து நீக்கப்படாவிடில், அது பரப்பிலேயே தங்கிவிடும். எப்பாக்சிப் பலகையில் வேறொரு படலம் தோன்றலாம். இறுக்கியாகச் சேர்க்கப்படும் அமீன், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து வழவழப்பான படலத்தை உண்டாக்கும். இப்படலம் நீரில் கரையும். கரைப்பானால் துடைத்தால் நீங்காமல் பரவக்கூடும்.

இதனால் ஒரே பொருளால் எல்லா அழுக்கையும் நீக்கவியலாது என்பது விளங்கும். உப்பிற்கும் அமீன் படலத்திற்கும் நீர் வேண்டும். மெழுகிற்கு மெழுகோடு ஒத்த இயல்புள்ள கரைப்பான் வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விரைவில் ஆவியாகும் நல்ல துடைப்புப் பொருளேயெனினும் மெழுகை மிகக் குறைவாகவே கரைக்கும். மெழுகு நிறைந்த பலகையை ஆல்கஹாலால் மட்டும் துடைத்துவிட்டுத் திண்டை ஒட்டுவோர் பின்னர் வருந்த நேரிடும். மண்ணெண்ணெய் மெழுகைக் கரைக்கும். ஆனால் எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும்.

செயல்முறை வரிசை

1. பலகையில் வெடிப்போ உடைவோ இருப்பின் முதலில் அதனைச் செப்பனிட்டு உலரவிட வேண்டும். பாலிஸ்டைரீன் நுரையாலான உட்பகுதியை அசிட்டோன் கரைத்துவிடும். ஒரு சிறு வெடிப்பின் வழியே புகுந்த கரைப்பான் உள்ளே பெரும் பள்ளத்தைத் தோற்றுவிக்கும்.

2. பலகையை நன்னீராலும் சிறிது சவர்க்காரத்தாலும் கழுவித் துடைக்க வேண்டும்.

3. மெழுகு இளகும்வரை சில நிமிடங்கள் மட்டும் வெயிலில் வைத்துப் பின் நெகிழியட்டையின் விளிம்பால் வழித்தெடுக்க வேண்டும். நெடுநேரம் வெயிலில் விடின் உள்நுரை விரிந்து மேலோடு பிரியும்.

4. எஞ்சிய மெழுகை டர்பன்டைன் தோய்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஒரு கையில் நனைந்த துணியும் மறுகையில் உலர்ந்த தூய துணியும் இருத்தல் வேண்டும். நனைந்த துணி சென்ற இடத்தை, கரைப்பான் ஆவியாவதற்கு முன்பே, உலர்ந்த துணி துடைத்தெடுக்க வேண்டும். இல்லையேல் கரைந்த மெழுகு அதே இடத்தில் மீண்டும் படியும். துணியின் முகத்தை அடிக்கடி மாற்றுதல் இன்றியமையாதது. பின்னர் மீண்டும் சவர்க்கார நீரால் கழுவுக.

5. திண்டைக் காப்புத்தாளோடு பலகைமேல் வைத்து இடம் குறிக்க வேண்டும். கால்கயிறு கட்டும் குழி மறைதல் கூடாது. எல்லைக்கு வெளியே காகித ஒட்டுநாடாவை ஒட்டி, உள்ளிடத்தை 220 முதல் 320 வரையிலான எண்ணுள்ள உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு மங்கினால் போதும். கண்ணாடி நாரிழை வெளித்தோன்றும் அளவிற்குத் தேய்த்தல் கூடாது. மெழுகை நீக்குமுன் உப்புத்தாளால் தேய்ப்பது பெரும்பிழை. மெழுகு கீறல்களுள் அழுந்திவிடும்.

6. தூசியைத் துடைத்தபின் சிறிது நீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். தூய இடத்தில் நீர் படலமாகப் பரவும். மெழுகு எஞ்சிய இடத்தில் துளிகளாகத் திரளும். துளி திரண்ட இடத்தில் நான்காம் படியிலிருந்து மீண்டும் செய்தல் வேண்டும்.

7. நீர் நன்கு உலர்ந்தபின், இறுதியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து முற்றும் உலரவிட வேண்டும். அதன்பின் அவ்விடத்தை விரலாலும் தொடலாகாது.

கரைப்பான்கள் அனைத்தும் எளிதில் தீப்பற்றுவன. காற்றோட்டமுள்ள நிழலில், நெருப்பிற்கு அப்பால், கையுறை அணிந்து இவற்றைக் கையாள வேண்டும். மாணவர் கையில் இவற்றைத் தருதல் கூடாது.

ஒட்டுதல்

குளிரூட்டிய அறையிலிருந்து கடற்கரையின் ஈரக்காற்றுக்குக் கொணர்ந்த பலகையில் நீராவி படிந்து நிற்கும். பலகை சுற்றுப்புற வெப்பநிலையை அடையும்வரை காத்திருத்தல் நலம். காப்புத்தாளின் ஒரு பகுதியை மட்டும் உரித்து, குறியோடு பொருத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே எஞ்சிய தாளை உரிக்க வேண்டும். இவ்வாறு செய்தால் காற்றுக் குமிழி தங்காது. பின் ஒவ்வோர் ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்திச் செல்ல வேண்டும். பலகை வளையும் இடத்தில் நுரை நிமிர்ந்தெழ முயலும். அங்கு அழுத்தம் மிகுதியாக வேண்டும்.

பசை பரவுதற்குக் காலம் தேவை. குறைந்தது 24 மணி நேரம் பலகையை நீரில் இறக்காமல் நிழலில் வைத்தல் வேண்டும். மாலையில் ஒட்டி மறுநாட் காலையிலேயே கடலுக்கு எடுத்துச் செல்லுதல் செய்த உழைப்பை வீணாக்கும்.

கழன்ற திண்டு கூறும் காரணம்

கழன்ற திண்டை எறிந்துவிடாமல் அதன் அடிப்பரப்பை ஆராய வேண்டும். பசை முழுவதும் திண்டிலேயே இருந்து பலகை வெறுமையாகத் தோன்றின், பலகையின் தூய்மை குறைவு. பசை இருபுறமும் கிழிந்து பிரிந்திருப்பின், பசை தன்னுள்ளேயே முறிந்தது. மிகுந்த வெப்பத்தால் இளகியதோ பழுதுற்றதோ காரணமாகலாம். பசை பலகையில் தங்கி நுரை மட்டும் பிரிந்திருப்பின், குறை திண்டின் ஆக்கத்தில் உள்ளது. ஓரங்கள் மட்டும் எழுந்திருப்பின், அழுத்தம் போதாமையையோ எல்லையருகே எஞ்சிய மெழுகையோ ஐயுற வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

மூன்று வழவழப்பான ஓடுகளை எடுத்துக்கொள்க. முதலாவதைச் சவர்க்காரத்தால் கழுவி உலர்த்துக. மற்ற இரண்டிலும் மெழுகுவத்தியைத் தேய்த்து, தூயதாகத் தோன்றும்வரை உலர்துணியால் துடைக்க. அவற்றுள் ஒன்றை ஆசிரியர் டர்பன்டைனாலும் பின் சவர்க்கார நீராலும் கழுவி உலர்த்துவார். ஒவ்வொன்றிலும் ஒரு நீர்த்துளியை இட்டு, அதன் வடிவத்தைப் பக்கவாட்டில் மாணவர் நோக்கி வரைக. பின் ஈரத்தை ஒற்றியெடுத்து, ஒரே நீளமுள்ள ஒட்டுநாடாக்களை ஒரே அழுத்தத்துடன் ஒட்டி, தொங்கும் நுனியில் சிறு காகிதக் கிண்ணத்தைக் கட்டி, நாடா பெயரும்வரை மணலைச் சிறிது சிறிதாகச் சேர்க்க. பெயர்த்த மணலின் எடைகளை ஒப்பிட்டால், கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் மூன்று பரப்புகள் பசைக்கு ஒன்றல்ல என்பதை மாணவர் தாமே உணர்வர்.

மிதிவண்டிக் குழாயில் ஒட்டுப்போடுபவர் இரப்பரைத் தேய்த்துச் சுரசுரப்பாக்குவதற்கும், சுவருக்குச் சாயம் பூசுபவர் பழைய சுண்ணாம்பைச் சுரண்டுவதற்கும் அடிப்படை இதுவே. வேலையின் பெரும்பகுதி, பசையைத் தொடுவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது.