பால் பல்லுதானே என்று விடலாமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். சந்தா வசூல் முடிந்ததும் ஒரு சகோதரி எழுந்து உள்கடனாக 2,000 ரூபாய் கேட்டார். "எதுக்கும்மா?" என்று ஊக்குநர் கேட்டார்.

"புள்ளைக்குப் பல் வலிக்கா. நாலு நாளா சோறு திங்கல, தூங்கல. பள்ளிக்கூடமும் போகல."

"எட்டு வயசுப் புள்ளைக்குப் பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும். அதுக்குப் போயி கடனா?" என்றார் இன்னொருவர். பலரும் தலையாட்டினார்கள். கடைசியில் கடன் கொடுத்தார்கள். ஆனால் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது எல்லோரையும் திடுக்கிட வைத்தது. அது பால் பல்லே இல்லை!

குழந்தைக்கு 6 வயது ஆகும்போது, பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு புதுக் கடைவாய்ப் பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. இவை ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பற்கள். போனால் திரும்ப முளைக்காது. பல் விழாமல் முளைப்பதால் நாம் கவனிப்பதே இல்லை.

சரி, பால் பல்லாக இருந்தால் மட்டும் விடலாமா? கூடாது. பால் பற்கள் மொத்தம் 20. அவற்றில் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்கும். அவைதான் அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கின்றன. சீக்கிரமே போனால் புதுப்பல் கோணலாக முளைக்கும்.

எவ்வளவு இல்லை, எத்தனை தடவை!

"நான் இனிப்பு அதிகமா குடுக்கறதே இல்லீங்க" என்றார் அந்தத் தாய். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காலையில் டீயும் பிஸ்கட்டும், பள்ளிக்குப் போகும் வழியில் மிட்டாய், இடைவேளையில் ஐந்து ரூபாய் கிரீம் பிஸ்கட், சாயங்காலம் டீயும் பன்னும், விளையாடும்போது தேன்மிட்டாய், டிவி பார்க்கும்போது பிஸ்கட், படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். மொத்தம் 7 தடவை!

நம் வாயில் கிருமிகள் உண்டு. நாம் சாப்பிடும் சர்க்கரையை அவை சில நிமிடத்தில் அமிலமாக மாற்றும். அமிலம் பல்லின் மேல்பூச்சைக் கரைக்கும். இதைச் சரி செய்வது நம் எச்சில்தான். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். 7 தடவை என்றால் பல் குறைந்தது மூன்றரை மணி நேரம் அமிலத்தில் ஊறுகிறது. எச்சிலுக்கு வேலை செய்ய நேரமே இல்லை. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும். அதனால்தான் ராத்திரி இனிப்பும், வாயில் பால் பாட்டிலோடு தூங்க வைப்பதும் அதிகக் கெடுதல்.

நாம் செய்யக் கூடியவை

* இனிப்பு கொடுப்பதானால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.
* வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவையும் பல்லைக் கெடுக்கும். கடலை மிட்டாய் சத்தானதுதான், ஆனால் பல்லில் ஒட்டும். பிஸ்கட்டும் சிப்ஸும் அப்படித்தான்.
* இடையில் பசித்தால் சுண்டல், அவித்த கடலை, கொய்யா, வெள்ளரிக்காய் கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர், மோர்.
* ராத்திரி பல் விளக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.
* முதல் பல் முளைத்ததிலிருந்தே காலை, இரவு இருவேளையும் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டால் விளக்குங்கள். 3 வயது வரை அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு போதும். செங்கல் தூள், கரி வேண்டாம், பல் தேய்ந்துவிடும்.
* பல்லில் சுண்ணாம்பு போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். வலி வரும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவும் சொத்தைப் பல்லைப் பார்ப்பார்கள். அன்று பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள்.

அந்தப் பிள்ளையின் பல்லை வேர் சிகிச்சை செய்து காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் நாலு தடவை போய்வர வேண்டியிருந்தது. அம்மாவுக்கு நாலு நாள் கூலி போச்சு, கடனும் ஏறிப் போச்சு.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

1. உங்கள் பிள்ளை நேற்று எத்தனை தடவை இனிப்பு சாப்பிட்டது? ஒவ்வொருவரும் எண்ணிச் சொல்லுங்கள்.
2. ஒரு குளிர்பான பாட்டில் கொண்டு வாருங்கள். 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராம் என்று போட்டிருந்தால், 200 மில்லியில் 20 கிராம். 4 கிராம் ஒரு டீஸ்பூன். அப்படியானால் 5 டீஸ்பூன்! அளந்து தட்டில் கொட்டி எல்லோரும் பாருங்கள்.
3. வீட்டுக்குப் போய் வெளிச்சத்தில் பிள்ளையின் வாயைத் திறந்து கடைசிப் பல் வரை பாருங்கள்.

பார்த்ததை அடுத்த மாதம் கூட்டத்தில் பகிர்ந்து கொள்ளுங்கள். ஏழு தடவையை மூன்றாகக் குறைத்தாலே பாதி வெற்றி, சகோதரிகளே!