ரப்பர் பட்டை போதுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. ஜிம்முக்குப் போக நேரமில்லை. ரப்பர் பட்டை, சின்ன டம்பெல் வாங்கி வீட்டிலேயே பயிற்சி செய்தால் பலன் இருக்குமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நிச்சயம் இருக்கும். சுமை எதிலிருந்து வருகிறது என்று தசை பார்ப்பதில்லை. கடைசி நாலைந்து தடவை திணறினால் அது வலுப்பெறும். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. அதனால் உங்கள் வயதில் இது மிக அவசியம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதலில் பட்டையை வாங்குங்கள். இழுக்க இழுக்க அதன் இறுக்கம் கூடும். ஒரே பட்டையைக் குட்டையாகப் பிடித்தால் சுமை ஏறிவிடும். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தில் மாட்டி, முழங்கையைப் பின்னால் இழுங்கள். குனிந்தே வேலை செய்யும் முதுகுக்கு இதைப்போல நல்லது இல்லை. வெயிலில் போட்டுவைத்தால் ரப்பர் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். அறுந்தால் கண்ணில் அடிக்கும்.

டம்பெல் பிறகு வாங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோதானே! ஸ்கிப்பிங் கயிறு மலிவுதான், ஆனால் மூட்டுவலி இருந்தால் வேண்டாம். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள்.

பட்டையை பீரோவுக்குள் வைக்காமல், டிவி பக்கத்து ஆணியில் மாட்டுங்கள்.