மூன்று அன்புகளின் நடுவே

வாலிபத்தின் வாசலில் நிற்பவனை மூன்று உறவுகள் ஒரே நேரத்தில் அழைக்கின்றன. நண்பன் துணைக்குக் கூப்பிடுகிறான். புதிதாக மலர்ந்த காதல் மனம் முழுவதையும் கேட்கிறது. பெற்றோரின் நம்பிக்கையோ எதையும் கேட்காமல் காத்திருக்கிறது. இவற்றுள் எதை எங்கே வைப்பது?

மகாத்மா காந்தியின் ராஜ்கோட் பள்ளி நாட்கள் இதற்கு நல்ல பாடம். 1925-இல் ‘நவஜீவன்’ இதழில் எழுதத் தொடங்கிய சுயசரிதையில் அவரே அவற்றை ஒளிக்காமல் கூறியுள்ளார்.

நட்பு

இளம் மோகன்தாஸுக்கு இருளும் பாம்பும் பேயும் அச்சம் தந்தன. அவனுடைய நண்பனோ உடல் வலிமையும் துணிவும் மிக்கவன். தன்னிடம் இல்லாததைப் பிறரிடம் காணும்போது மனம் மயங்குவது இயல்பு. தாயும் மூத்த அண்ணனும் மனைவியும் எச்சரித்தனர். ‘நான் அவனைத் திருத்துவேன்’ என்பதே மோகன்தாஸின் பதில். திருத்தப் போனவனே மாறினான். இறைச்சி உண்டால் வலிமை வரும் என்ற நண்பனின் பேச்சில் மயங்கி, ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் சில முறை ஒளிவாக உண்டான். அந்நாட்களில் வீட்டில் தாய் உணவுக்கு அழைக்கும்போது ‘பசியில்லை’ என்று பொய் சொல்ல நேர்ந்தது. அந்தப் பொய்தான் அவனை உறுத்தியது. பெற்றோர் வாழும்வரை இறைச்சி தொடுவதில்லை என்று முடிவு செய்து, அதை நண்பனிடமும் தெரிவித்தான்.

காதல்

பதின்மூன்றாம் வயதில் அவனுக்குக் கஸ்தூர்பாவுடன் திருமணம் நடந்தது. அக்காலத்தில் வழக்கமாக இருந்த அக்குழந்தை மணத்தைப் பிற்காலத்தில் அவரே வன்மையாகக் கண்டித்தார். மனைவியிடம் அவனுக்கு அளவற்ற ஆசை. ஆனால் அனுமதியின்றி அவள் எங்கும் செல்லலாகாது என்று கட்டளையும் இட்டான். இருளுக்கு அஞ்சாத அப்பெண் கட்டளைக்கும் அஞ்சவில்லை. விரும்பியபோது கோவிலுக்குச் சென்றாள். நண்பன் ஊட்டிய ஐயம் அவ்வாசையில் நஞ்சாகக் கலந்தது. குற்றமற்ற மனைவியைத் துன்புறுத்தியதற்காக காந்திஜி தம்மை ஒருபோதும் மன்னித்துக்கொள்ளவில்லை. உடைமையாக எண்ணுவது அன்பன்று என்பதை அவர் காலம் கடந்தே உணர்ந்தார்.

விசுவாசம்

பதினைந்தாம் வயதில், அண்ணன் ஒருவரின் சுமார் 25 ரூபாய்க் கடனைத் தீர்க்க, அவருடைய பொற்காப்பிலிருந்தே ஒரு துண்டு பொன் எடுக்கப்பட்டது. கடன் தீர்ந்தது, மனம் அமைதியுறவில்லை. நோயுற்றுப் படுத்திருந்த தந்தையிடம் குற்றத்தை எழுதி நீட்டினான். தண்டனை வேண்டினான், தந்தை தம்மையே வருத்திக்கொள்ளலாகாது என்றும் கேட்டுக்கொண்டான். தந்தை சினக்கவில்லை. கண்ணீர் காகிதத்தை நனைத்தது. பிறகு அதைக் கிழித்துவிட்டார். அடித்திருந்தால் ஒருவேளை மறந்திருக்கும். அந்தக் கண்ணீர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நட்பும் காதலும் பெற்றோர் பாசமும் இயல்பில் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஓர் உறவைக் காக்க மற்றோர் உறவிடம் பொய் சொல்லும் இடத்தில்தான் பகை பிறக்கிறது. மனத்தின் அந்தரங்கம் வேறு, வஞ்சனை வேறு. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், நம்பியவரிடம் பொய் சொன்னால்தான் நிலைக்கும் என்ற உறவு, இளைஞனே, உன்னை வளர்ப்பதில்லை.

வழி தவறியவன் திரும்புவதற்கும் அதே சான்று காட்டுகிறது: மறைத்ததை உரியவரிடம் தானே சென்று கூறுவது. அதற்கு வேண்டிய துணிவை, வலிமை மிக்க எந்த நண்பனும் மோகன்தாஸுக்குத் தரவில்லை; அது அவனுக்குள்ளேயே இருந்தது.